முதுகில் நாலு கோடு

கொழும்பு பஸ் வட்டவளையைத் தாண்டியது. பனிக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் அடைத்திருந்தார்கள். எனக்கு முன்சீட்டில் முன்பின் தெரியாத ஒரு அக்காவும் தங்கச்சியும். தங்கச்சி மடியில் ஜப்பானிய எழுத்துகள் எழுதிப் பழகிய கொப்பி.

“காலையில என் முதுகுல எழுதினியே, அது என்ன எழுத்துக்கா? கண்டுபிடிக்க முடியல.”

“நான் இன்னைக்கு எழுதலையே.”

“தெனமும் புஸ்தகத்தப் பாத்து நீதான எழுதுவ? குப்புறப் படுத்திருந்தேன். வெரலால நாலு கோடு போட்ட.”

“விடியவே தோட்டத்துல பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போயி, வேலைக்கு லீவு சொல்லிட்டு வந்தேன். வீட்டுல நீ மட்டும்தான் இருந்த.”

தங்கச்சி ஆவி படிந்த கண்ணாடியில் அந்த நாலு கோட்டையும் போட்டுக் காட்டினாள். அக்கா பையிலிருந்து ஜப்பானியப் பாடப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். கடைசிப் பக்கங்களில் அவள் விரல் நின்றது.

“இந்தா இருக்கு. ‘நில்’னு போட்டிருக்கு.”

“அந்தப் பாடத்துக்கு நாங்க இன்னும் வரவே இல்லக்கா. ஜப்பானுக்குப் போக பாஸ்போட் எடுக்கப் போற நாள்லயா…”

பேச்சை நிறுத்திவிட்டு, தங்கச்சி விறைத்துப்போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, அசையாத. இப்பவும் எழுதுது.”

அக்காவின் இரண்டு கைகளும் புத்தகத்தின் மேல் இருந்தன. இருவரும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

என் கைகள் இரண்டும் மடியில், குடையைப் பிடித்தபடி இருந்தன.