துடைக்காத வானம்

என்னைவிட நன்றாகப் பேசத் தெரிந்திருந்தும், பேசுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டுத் தலைமை நாற்காலியில் நிம்மதியாக அமர்ந்திருக்கும் எங்கள் ஆய்வுக்கூட இயக்குநர் ஐயா அவர்களே! நான் வாயைத் திறப்பதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட சிறப்பு விருந்தினர் அவர்களே! முழங்கால் வலியையும் உடன் அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்தியிருக்கும் மூத்தோரே! மடியில் ஒரு பிள்ளையையும் பக்கத்து நாற்காலியில் ஒரு பையையும் வைத்து, வராத தோழிக்கு இடம் பிடித்திருக்கும் தாய்மார்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிக்க முட்டி மோதி வென்ற இளைஞர்களே! "இவ என்ன பேசித் தொலைக்கப் போறாளோ" என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் என் அன்பு மாமியார் அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

நான் இந்த ஆய்வுக்கூடத்தில் விண்மீன்களுக்கு நடுவே கிடக்கும் வாயுவை ஆராய்கிறவள். ஆமாம், வாயுதான். பின்வரிசையில் சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். என் கணவர் வீட்டார் எல்லாரும் கல்யாணத்தன்றே சிரித்து முடித்துவிட்டார்கள்.

எனக்கு இங்கே ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படும் தற்காலிக வேலை. நாளைக் காலை நிரந்தர வேலைக்கு நேர்காணல். தேர்வுக்குழுவின் தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? இதோ, எனக்கு இடப்பக்கம் அமர்ந்து இன்னும் புன்னகைத்துக்கொண்டிருக்கும் இதே இயக்குநர் ஐயாதான். இப்போது என் மாமியாரின் வயிற்று நெருப்புக்குக் காரணம் புரிந்திருக்கும். "வாய வச்சுக்கிட்டு சும்மா பேசிட்டு வா" என்றுதான் காலையில் வழியனுப்பி வைத்தார். சும்மா பேசுவது எப்படி என்று அவர் சொல்லித் தரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விண்மீன் எங்கே பிறக்கிறது? அனலிலா? தழலிலா? எரிகிற பொருள் எரிகிற இடத்தில்தானே பிறக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, குளிரில் பிறக்கிறது! இருளில் பிறக்கிறது! உங்கள் வீட்டுக் குளிர்பெட்டி அதற்கு முன்னால் அடுப்பு என்று சொல்லுமளவுக்குக் குளிர்ந்து கறுத்த வாயு மேகத்தின் வயிற்றில் பிறக்கிறது. சூடான வாயு எகிறும், திமிறும், எவனுக்கும் அடங்காது. குளிர்ந்த வாயுவோ தன் எடையைத் தானே தாங்க மாட்டாமல் தனக்குள்ளேயே சரியும். சரியச் சரிய நெருங்கும், நெருங்க நெருங்கச் சூடேறும். ஒரு கட்டத்தில் நடுவிலே ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒளி பிறக்கும். அவ்வளவுதான் விண்மீன். இதைச் சொல்லத்தான் என் புத்தக அலமாரி முழுவதும் தடித்தடிப் புத்தகங்கள் இருக்கின்றன.

பிறந்ததும் சும்மா இருக்கிறதா? அதிலும் இந்தப் பெரிய விண்மீன்கள் இருக்கின்றனவே, பெரிய வீட்டுப் பிள்ளைகள்! அள்ளி அள்ளி எரிக்கும், ஆடம்பரமாய் ஒளிரும், அற்பாயுசில் போய்ச் சேரும். சின்னஞ்சிறு சிவப்பு விண்மீன் இருக்கிறதே, அது மகா கஞ்சன். துளித்துளியாய் எரித்துக்கொண்டு, பிரபஞ்சத்தின் இன்றைய வயதையும் தாண்டி வாழும். எங்கள் அலுவலகத்தில் ஏசியைப் போடாமலே வைத்திருக்கும் மேலாளர் ஞாபகம்தான் எனக்கு வரும்.

பின்னால் ஒரு தம்பி கேட்கிறார், சூரியன் எப்போது அணையும் என்று. இன்னும் ஐந்நூறு கோடி ஆண்டு இருக்கிறது தம்பி. உங்கள் அம்மா மாடியில் போட்ட துணி காய்ந்துவிடும்.

இந்தப் பெரிய வீட்டுப் பிள்ளை உயிரோடு இருக்கும்போதே தான் பிறந்த மேகத்தைத் தன் ஒளியால் உதைத்துக் கிழிக்கும். சாகும்போது வெடித்துச் சாகும். வெடித்த வேகத்தில் சுற்றியிருக்கும் வாயுவெல்லாம் சூடேறிச் சுழன்று சிதறும். அந்தத் தள்ளலில் பக்கத்து மேகம் நசுங்கினால் அங்கே புது விண்மீன்கள் பிறக்கும். நசுங்காமல் தெறித்தால், அந்த வாயு விண்மீன் மண்டலத்தை விட்டே வெளியே போய்விடும். கோடிக்கணக்கான விண்மீன்கள் கூடி வாழும் குடியிருப்புக்குத்தான் விண்மீன் மண்டலம் என்று பெயர். அந்தக் குடியிருப்பில் வாயு இருக்கும்வரை பிறப்பு இருக்கும். வாயு தீர்ந்துவிட்டால் பிறப்பு நின்றுவிடும், கிழட்டு விண்மீன்கள் மட்டும் சிவந்து கிடக்கும்.

இப்போது என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பெரிய பதாகையைப் பாருங்கள். எவ்வளவு அழகு! மை போன்ற கருமை, நடுவே பொன்னிற வட்டம், ஒரு பிசிறு கிடையாது. இது ஒரு விண்மீன் மண்டலம். இதில் வாயு தீர்ந்துவிட்டது, இனி இங்கே விண்மீன் பிறக்காது என்று உலகுக்கு அறிவித்தது எங்கள் ஆய்வுக்கூடம். இந்த ஒன்றை மட்டுமல்ல, இதைப் போல வரிசையாகப் பல மண்டலங்களுக்குக் கருமாதிப் பத்திரிகை அடித்தவர்கள் நாங்கள். வெளியே தள்ளப்பட்ட வாயு எங்கே போனது, எவ்வளவு போனது, திரும்பி வருமா என்று ஆண்டுக்கணக்காகத் தேடினோம். காணோம், காணோம், காணவே காணோம் என்று கட்டுரை எழுதினோம். அந்தக் கட்டுரைகளுக்குப் பரிசும் வாங்கினோம்.

இங்கே எங்கள் ஆய்வுக்கூடத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வானம் ராத்திரியில் இருட்டு என்று நினைக்கிறோமே, அது முழு இருட்டு இல்லை. நம் காற்றே மேலே மெல்ல மினுங்கும். தொலைநோக்கி எடுக்கும் ஒவ்வொரு படத்தின் மேலும் அந்த மினுக்கம் மெல்லிய பனிமூட்டம் மாதிரி படிந்திருக்கும். அதை நீக்குவதற்கு இயக்குநர் ஐயா தன் இளவயதில் ஒரு கணினி நிரல் எழுதினார். மங்கலாக, பரந்து, சீராக எது தெரிந்தாலும் அது நம் காற்றின் மினுக்கம் என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடும். அந்த நிரலுக்கு நாங்கள் வைத்த செல்லப் பெயர் துடைப்பம். பளிச்சென்று துடைத்துக் கொடுக்கும். பல ஆய்வுக்கூடங்கள் கேட்டு வாங்கிப் போயின. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் பாடமே, துடைக்காத படத்தை ஏறெடுத்தும் பார்க்காதே என்பதுதான்.

அந்தப் பழக்கம் எப்படி உடைந்தது தெரியுமா? அறிவால் அல்ல, ஆராய்ச்சியால் அல்ல, ஏசியால்! நான் சொன்ன அந்த மேலாளர் அபூர்வமாக ஏசியைப் போட்ட ஒரு மத்தியானம், அது ஒழுகித் துடைப்பம் ஓடும் கணினியின் மேலேயே தண்ணீர் சொட்டியது. கணினியை அணைத்துவிட்டார்கள். எனக்கோ படத்தில் பதாகையில் இருக்கும் இதே மண்டலம் நடுவில் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். சாப்பிட்ட டப்பாவைக்கூடக் கழுவாமல், துடைக்காத படத்தைத் திறந்தேன்.

பொன் வட்டத்தைச் சுற்றி ஒரு கலங்கல். முதலில் திரையில் அழுக்கு என்று நினைத்துக் கைக்குட்டையால் தேய்த்தேன். போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் தேய்த்தேன். போகவில்லை. பக்கத்து மேசை அக்காவை அழைத்துக் காட்டினேன். அவர் கண்ணுக்கும் தெரிந்தது.

அது நம் காற்றின் மினுக்கமா, அந்த மண்டலத்தின் வாயுவா? கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒளிரும் ஹைட்ரஜனுக்கென்று குறிப்பிட்ட ஒரு சிவப்பு இருக்கிறது. அந்த மண்டலம் நம்மை விட்டு விலகி ஓடிக்கொண்டிருப்பதால் அதன் சிவப்பு சற்றே நகர்ந்து தெரியும். நம் தலைக்கு மேலிருக்கும் காற்று எங்கும் ஓடவில்லை, அதன் நிறம் நகராது. அந்தக் கலங்கலின் சிவப்பை அளந்து பார்த்தேன். மண்டலம் எவ்வளவு நகர்ந்திருந்ததோ அவ்வளவே நகர்ந்திருந்தது.

புரிகிறதா தாய்மார்களே? தேடிய வாயு அங்கேயேதான் இருந்தது! போனது போகாமல், தீர்ந்தது தீராமல், மண்டலத்தைச் சுற்றி மங்கலாகப் படர்ந்து, ஆறி அடங்கித் திரும்பி விழக் காத்திருந்தது! அதைக் காலையில் நாங்களே பெருக்கித் தள்ளிவிட்டு, மாலையில் காணோம் என்று எழுதியிருக்கிறோம். இப்படி ஒரு கூத்தை வேறு எந்த வேலையிலும் செய்ய முடியாது. இதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும்.

சிரியுங்கள், நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் இயக்குநர் அறைக்குப் போனபோது சிரிப்பு போய்விட்டது.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். அளவுகளைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு எனக்கும் சேர்த்துத் தேநீர் சொன்னார். "நீ சொல்றது சரிதாம்மா" என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்று இந்த மேடையில் நான் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். தேநீர் வந்ததும், "அடுத்த மாசம் நான் ரிட்டையர் ஆகறேன். நான் போனதுக்கப்புறம் சொல்லேன்" என்றார்.

அவர் மிரட்டவில்லை. நேர்காணலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மிரட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்திருப்பேன். அவர் கேட்டார். ஒளியைப் பிரித்துப் படிக்க எனக்குச் சொல்லித் தந்த மனிதர், தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் ஒரு மாத அவகாசம் கேட்டார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். வீட்டில் சொன்னதும் மாமியாருக்கு வழி பளிச்சென்று தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலையும் கிடைக்கும், பெரியவர் மனமும் நோகாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார்.

யோசிக்க இருக்கிறது அத்தை. இந்த ஒரு மாதத்தில் எத்தனை இடங்களில் அந்தத் துடைப்பம் ஓடும்? எத்தனை பேர் கையில் கிடைத்ததைக் கழித்துவிட்டுக் காணோம் என்று எழுதுவார்கள்? அதை நம்பி இன்னும் எத்தனை பேர் அடுத்த கட்டுரையைத் தொடங்குவார்கள்? தெரிந்துகொண்டே நான் தேநீர் குடித்துக்கொண்டு இருப்பதா?

அன்பார்ந்த பெரியோரே, பெரிய விண்மீன் வெடித்துச் சாகிறது என்று சொன்னேன். வெட்கமாயிருக்கிறதே, ஊர் பார்க்கிறதே, நம் கௌரவம் என்னாவது என்று அது அடக்கமாக அணைந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் ரத்தத்தில் இரும்பு ஏது? உங்கள் எலும்பில் சுண்ணாம்பு ஏது? மூச்சில் போய் வருகிறதே ஆக்சிஜன், அது ஏது? தனக்குள் சமைத்ததையெல்லாம், நல்லது கெட்டது பார்க்காமல், தன் உருவம் குலைவதையும் பார்க்காமல், வெளியே வீசிவிட்டுப் போனதே, அதிலிருந்துதானே அடுத்த விண்மீன் பிறந்தது? அதிலிருந்துதானே மண் பிறந்தது? அந்த மண்ணிலிருந்துதானே நீங்களும் நானும், கடிகாரம் பார்க்கும் சிறப்பு விருந்தினரும் பிறந்தோம்?

துண்டுச்சீட்டு வருகிறது. நேரம் முடிந்துவிட்டதாம். எனக்கும் முடிக்கத்தான் ஆசை, இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி.

இயக்குநர் ஐயா, உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். பிழை எங்கே, எப்படித் திருத்த வேண்டும் என்று கட்டுரை எழுதி முடித்துவிட்டேன். நாளை நேர்காணலுக்கு வருவதற்கு முன்பே அதை அனுப்பிவிடுவேன். வேலை கிடைத்த பிறகு அனுப்பினால் அது எனக்கே அசிங்கமாக இருக்கும். முதல் பெயராக உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். உங்கள் பெயரோடு போனால் அது திருத்தம். உங்கள் பெயர் இல்லாமல் போனால் அது குற்றச்சாட்டு. எனக்கு உங்கள் மேல் குற்றம் சாட்ட மனசு வரவில்லை, ஐயா. அதனால்தான் தனியறையில் கேட்காமல் இத்தனை பேர் நடுவில் கேட்கிறேன். தனியறையில் நீங்கள் மறுபடி அவகாசம் கேட்டால் நான் சரியென்று சொல்லிவிடுவேன்.

மாமியார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுவிட்டார். ஐயா எழுந்திருக்கிறார். வெளியே போகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, தன் மடிக்கணினியைத் திறக்கிறார். பொறுங்கள், விளக்கை அணைக்கச் சொல்கிறார்.

திரையில் அந்தத் துடைக்காத படம்தான்! அன்று நான் கொடுத்துவிட்டு வந்த படத்தை அவர் தன்னோடேயே வைத்திருந்திருக்கிறார். ஒலிவாங்கியைக் கேட்கிறார், கொடுக்கிறேன். அவர் சொன்னது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? ஒலிவாங்கியைத் தள்ளிப் பிடித்துவிட்டார், நானே சொல்லிவிடுகிறேன். "எல்லாரும் நல்லாப் பாருங்க. இத்தனை வருசமா இதத்தான் நான் அழுக்குன்னு துடைச்சுக்கிட்டு இருந்தேன். பேரு இருக்கட்டும்மா, எடுக்காத."

நாளை எனக்கு வேலை கிடைக்குமா? தெரியாது. தேர்வுக்குழுவில் இன்னும் பலர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள், அவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. அது நாளைய கவலை. பிள்ளைகளே, மேடைக்கு ஏறி வாருங்கள், திரைக்குப் பக்கத்தில் வந்து பாருங்கள். தொட்டுப் பார்த்தாலும் யாரும் திட்ட மாட்டார்கள். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், புன்னகையோடு கேட்ட தாய்மார்களுக்கும், எழுந்து நின்ற எங்கள் தலைவருக்கும் தலைதாழ்ந்த நன்றியும் வணக்கமும். அத்தை, கண்ணைத் திறங்க. அங்கே இன்னும் விண்மீன் பிறக்கப்போகிறது.