பாட்டுக்காகக் கட்டின வீடு

உங்க நகர்க் குடியிருப்போர் சங்கத் தலைவர் இப்பதான் பெருமையா சொன்னார்... "எங்க நகர்ல ஊசி விழுந்தாக்கூட சத்தம் கேக்கும்"னு. எதுல சொன்னார்? நாலு பக்கமும் கட்டி வெச்சிருக்கிற ஒலிபெருக்கியில சொன்னார். சரி... அமைதியைப் பத்திப் பேசவும் சத்தம் வேணும்தான். அதே மைக்ல நானும் ஒரு சின்னக் கதை சொல்லிடறேன். கேக்கறீங்களா? கடைசி வரிசையில நாற்காலியிலயே கண்ணசந்துட்ட அண்ணனை யாராவது தட்டி எழுப்புங்க. அவருக்குத்தான் இந்தக் கதையே.

தணிகாசலம்னு ஒருத்தர். பாரிமுனையில ஒரு ஆபீஸ்ல வேலை. பல்லாவரத்துல வாடகை வீடு. சம்சாரம் மங்கையர்க்கரசி, ஒரே பொண்ணு அபிராமி. அந்தப் பொண்ணு பாடும் பாருங்க... தெருவுல கீரை விக்கிற அம்மா கூடையை இறக்கி வெச்சுட்டு நின்னு கேக்கும். ஆனா பல்லாவரம் உங்களுக்குத் தெரியாததா? ரோட்டுல லாரி... தலைக்கு மேல விமானம். விமானம் வந்தா பொண்ணு பாட்டை நிறுத்திடும். கண்ணை மூடிக்கிட்டு, ஒரு விரலைத் தூக்கிக் காத்திருக்கும். அது போனதும் விட்ட இடத்திலேர்ந்து, விட்ட சுருதியில எடுக்கும். அதுக்கு அது ஒரு விளையாட்டு. அப்பனுக்கோ வயித்தெரிச்சல். இந்த இரைச்சல்ல என் பொண்ணு குரல் வீணாப் போகுதேன்னு ஒரே புலம்பல்.

கடைசியில பல்லாவரத்தையே விட்டுக் கிளம்பிட்டார். எங்க போனார்? செங்கல்பட்டையும் தாண்டி, ஏரிக்கரை ஓரமா ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். மேடையில இருக்கிற மனை விக்கிற அன்பர்கள் கோவிச்சுக்கக் கூடாது... அது உங்க மனை இல்ல, வேற மனை. அமைதின்னா அப்படி ஒரு அமைதி. தவளை கத்தினாத்தான் உண்டு. பொண்ணு பாடறதுக்குன்னே மாடியில ஒரு ரூம்.

எல்லாம் சரி... ஆபீஸ் பாரிமுனையிலதானே இருக்கு? அது ஏரிக்கரைக்கு வருமா? வராது. இவர்தான் போகணும். கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்து ஸ்டேஷன் வரைக்கும் வண்டி, அப்புறம் ரயில். திரும்பி வந்தா அடிச்சுப்போட்ட மாதிரி கிடப்பார். சோத்துல கை வெச்சுக்கிட்டே தூங்குவார். ஞாயித்துக்கிழமை பகல் பூரா தூங்குவார். பாவம், மனுஷன் என்ன பண்ணுவார்?

மங்கையர்க்கரசி என்ன பண்ணாங்க? குக்கர் விசில் அடிக்கிறதுக்குள்ள ஓடிப் போய் அடுப்பை அணைச்சாங்க. மிக்ஸியைத் தோட்டத்துப் பக்கம் வெச்சு அரைச்சாங்க. மக வாயைத் திறந்தா, "ஸ்ஸ்... அப்பா தூங்கறார்". பொண்ணு மொதல்ல மெதுவாப் பாடிச்சு. அப்புறம் முணுமுணுத்துச்சு. அப்புறம்... விட்டுடுச்சு. பாட்டு ரூம்ல துணி காயுது. இது தணிகாசலத்துக்குத் தெரியுமா? தூங்கறவருக்கு என்னங்க தெரியும்?

வேடிக்கை இனிமேதான். வீட்டுல வாயே திறக்காத இந்தத் தணிகாசலம், ரயில்ல யார் தெரியுமா? பஜனை கோஷ்டிக்குத் தலைவர். இவர் எடுத்துக் கொடுக்க, பெட்டியே திருப்பிப் பாடும். துறைமுகத்துல வேலை பாக்கிற ஜெபராஜ் டிபன் பாக்ஸ்ல தாளம் போடுவார். முருகனுக்கும் அவர்தான் தாளம், கிறிஸ்துமஸுக்கும் அவர்தான் தாளம். பாடி முடிச்சதும் தணிகாசலம் பெருமை அடிச்சுக்குவார். நான் என்னங்க பாடறேன், என் பொண்ணு பாடி நீங்க கேக்கணும், அதுக்காகத்தானே ஊரை விட்டு ஊர் போய் வீடு கட்டினேன்னு.

ஆயுத பூஜை வந்தது. தினம் ரயில்ல போறவங்களுக்குத் தெரியும்... முந்தின நாளே பெட்டிக்கு வாழைக்கன்னு கட்டி, ஜன்னலுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, பொரிகடலை கொடுத்து அமர்க்களப்படுத்துவாங்க. அந்த வருஷம் எல்லாரும் குடும்பத்தோட வரணும்னு பேச்சு. பள்ளிக்கூடமும் காலாண்டு லீவு. இவரும் கூட்டிட்டு வந்தார். புருஷன் தொண்டை கிழியப் பாடறதைப் பார்த்த மங்கையர்க்கரசி, கையில வாங்கின பொரியை வாயில போடலை. இந்த மனுஷனுக்காகவா விசில் அடிக்காம சமைச்சோம்னு அந்தம்மா நினைச்சிருக்குமா, நினைச்சிருக்காதா?

தாம்பரம் வந்ததும் ஜெபராஜ் பொண்ணைக் கூப்பிட்டார். "பாப்பா, உன்னைப் பத்தி உங்கப்பா பேசாத நாளில்ல. ஒரு பாட்டு பாடு கண்ணு."

பொண்ணு அம்மாவைப் பார்த்தது... அப்பாவைப் பார்த்தது... குறை சொல்ற மாதிரியும் சொல்லலை, சாதாரணமாச் சொல்லிச்சு.

"நான் இப்பல்லாம் பாடறதில்ல அங்கிள். அப்பா தூங்கணும்ல?"

பெட்டி அப்படியே அடங்கிடுச்சு. எந்த அமைதியைத் தேடி இந்த மனுஷன் செங்கல்பட்டு தாண்டிப் போனாரோ, அந்த அமைதி ஓடற ரயில்ல வந்து இவரைப் புடிச்சுக்கிச்சு.

ஜெபராஜ்தான் டிபன் பாக்ஸை எடுத்தார். "இங்க யாரும் தூங்கலைம்மா. நீ பாடு."

பொண்ணு பாடிச்சு. ரொம்ப நாள் பாடாத குரல்... மொதல்ல தடுமாறிச்சு, அப்புறம் பிடிச்சுக்கிச்சு. பல்லாவரம் வந்தது. தலைக்கு மேல விமானம். பொண்ணு பாட்டை நிறுத்தி, கண்ணை மூடி, விரலைத் தூக்கிச்சு. பெட்டியே மூச்சு விடாம காத்திருந்தது. விமானம் போச்சு... விட்ட இடத்திலேர்ந்து, விட்ட சுருதியில எடுத்துச்சு. தணிகாசலம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, அத்தனை பேர் முன்னாடி அழுதார்.

இப்பவும் அவங்க அதே ஏரிக்கரையிலதான் இருக்காங்க. அவரும் அதே ரயில்லதான் போறார். ஞாயித்துக்கிழமைத் தூக்கம் மட்டும் கெட்டுப்போச்சாம். கெட்டா கெடட்டும்ங்கறார்.

ஐயா, தள்ளி வந்து வீடு கட்டினது தப்புன்னு நான் சொல்லலை. இங்க வந்திருக்கிற அத்தனை பேரும் யாருக்காக வந்தீங்க? பிள்ளைங்களுக்காக, பொண்டாட்டிக்காக. நல்ல மனசுதான். ஆனா ஓடி ஓடிக் களைச்சுப்போய் நாம கண்ணை மூடறப்ப, நமக்காக அவங்க வாயை மூடிக்கிறாங்க. நாம அதுக்கு நிம்மதின்னு பேர் வெச்சுடறோம். விமானம்கூடப் போனதும் பாட விட்டுச்சுய்யா... நாம விட்டோமா?

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழட்டிட்டு, உள்ள போகாம கொஞ்சம் நின்னு கேளுங்க. சத்தமே இல்லையா? சந்தோஷப்படாதீங்க. யார் பாட்டு நின்னுபோச்சுன்னு உள்ள போய்க் கேளுங்க.