முதலில் வர வேண்டிய மின்சாரம்

முதலில் சாக்ஸ், அப்புறம் ஷூ. இதில் உங்களுக்கும் எனக்கும் தகராறு இருக்காது என்று நினைக்கிறேன். நான் கேட்டதும் அவ்வளவுதான்.

குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டர் பெட்டி. அதன் சர்க்யூட் போர்டை வடிவமைத்தவன் நான். கரண்ட் வந்ததும் முதலில் பிராசஸரின் உள்பகுதிக்குச் சின்ன வோல்டேஜ் போக வேண்டும். அது விழித்துக்கொண்ட பிறகுதான் ஹீட்டரை இயக்கும் வெளிக்கால்களுக்குப் பெரிய வோல்டேஜ். வரிசை தப்பினால் மூளை தூங்கும்போதே கை வேலை செய்யும். என்றாவது ஒரு முறை ஹீட்டர் எரிந்தபடியே நின்றுவிடும். அலாரமும் அதே பிராசஸர் கையில்தான். இந்த வரிசையைக் காக்கவென்றே ஒரு சிப் வைத்திருந்தேன்.

நிக்காந்திரோ, எங்கள் குவாதலஹாரா நகரத் தொழிற்சாலையின் தலைமை எஞ்சினியர், அதைப் பிடுங்கிவிட்டார். பெட்டி மெதுவாகக் கிளம்புகிறதாம்.

"உன் போர்டு எழுந்து, பல் தேய்ச்சு, குளிச்சு, மீசையை முறுக்கிட்டுத்தான் வேலைக்கு வருமோ?" என்று கேன்டீனில் தோர்த்தா ரொட்டியை மென்றபடி எல்லோர் முன்னும் கேட்டார். சிரித்தார்கள். எத்தனை முறை விளக்கினேன் தெரியுமா? தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. கடைசியில் ஒரு நாள் கையை உதறினார். "சரிப்பா, உன் சிப்பை வச்சுத் தொலை. நச்சரிப்பு தாங்கலை."

வச்சுத் தொலை. நான் சொன்னது சரி என்று சொல்லவில்லை பாருங்கள். என் வாயை அடைக்க ஒத்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. சிப்புகள் என் மேசை டிராயரில் இருந்தன. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெட்டிகளை அனுப்பும் முன் சரிபார்க்கும் ஒத்தீலியா வந்தாள். "புது சிப் எப்போ போட்டீங்க?"

"அவோரிதா."

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இப்போதுதான் என்றும் பொருள், இதோ கொஞ்ச நேரத்தில் என்றும் பொருள். நாளைக்கும் அதுதான், நடக்கவே போகாததற்கும் அதுதான். அவள் இப்போதுதான் என்று எடுத்துக்கொண்டாள்.

"அப்பாடா, உங்க புலம்பல் தீர்ந்துச்சு" என்று சிரித்தபடி முத்திரை குத்தினாள். நான் பொய் சொல்லவில்லை. அவள்தான் திருப்பிக் கேட்கவில்லை.

எங்காவது கரண்ட் போய் வரும்போது ஒரு பெட்டி கோளாறு செய்யும், திருப்பி அனுப்புவார்கள், எல்லோர் முன்னாலும் மேசையில் வைத்துத் திறப்பேன். என் எண்ணம் இதுதான். காலிப் பெட்டியாக இருக்கும் என்று நினைத்ததாகச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். உள்ளே குழந்தை இருக்கும் என்று தெரியும். குழந்தைக்காகத்தானே அந்தப் பெட்டி.

மழைக்காலத்தில், மலைப்பக்கத்து மருத்துவமனை ஒன்றில் கரண்ட் விட்டு விட்டு வந்தது. ஹீட்டர் அணையவில்லை. பெண் குழந்தை. இன்னும் பெயர்கூட வைக்கவில்லையாம்.

மறுநாள் நிக்காந்திரோ என் மேசைக்கு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. தான் சிப்பைப் பிடுங்கிவைத்திருந்த நாட்களில் போன பெட்டி என்று நினைத்திருந்தார். "நீ சொன்னதுதான்யா சரி" என்றார்.

தெளிவாகத்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அன்றைக்குக் கேன்டீனிலேயே சொல்லியிருந்தால் குழந்தை பிழைத்திருக்கும்.