கையெழுத்துப் பந்து களவுபோனதாகக் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவது குறித்து

துபாய், 14.10.2024, திங்கட்கிழமை.

என் பெயர் ரகுநாதன். வயது 46. கட்டட நிறுவனத்தில் பொறியாளர். மனைவி ராதா, மகள் ஷ்ருதியுடன் கராமாவில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் செய்கு அலாவுதீன் முன்னிலையில் இதைச் சொல்கிறேன்.

நான் புகார் கொடுத்த பந்து களவுபோகவில்லை. அது முதுகுளத்தூர் அருகே, எங்கள் கட்டடத்தைச் சுத்தம் செய்யும் சோலைமுத்துவின் வீட்டில் இருக்கிறது. இன்று காலை 9.40 மணிக்கு அவர் மனைவி பஞ்சவர்ணம் வீடியோ அழைப்பில் காட்டினார். என்னிடமுள்ள படத்தோடு எழுத்தை ஒப்பிட்டேன். அதே பந்துதான்.

நான் பழைய பேஸ்பால் பொருட்கள் சேர்ப்பவன். விளையாட்டு வீரர்கள் யாராவது ஒருவருக்கென்று பெயர் குறிப்பிட்டு எழுதிக் கையெழுத்திட்டவற்றை மட்டும் வாங்குவேன். இந்தப் பந்தில், "ஹெலனுக்கு, நீங்கள் தையல் போட்ட விரலால். எட் ஹாலிஸ், 1956" என்று, தன் விரல் காயத்துக்குத் தையல் போட்டவருக்கு அந்த வீரர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்.

வியாழக்கிழமை மாலை படம் எடுப்பதற்காகப் பந்தைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்தேன். உருளாமல் இருக்க ஷ்ருதியின் பழைய கரடிப் பொம்மையின் மடியில் வைத்தேன். அப்போது சைட்டிலிருந்து அழைப்பு வந்ததால் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். அதன் பிறகு ராதா, சோலைமுத்துவின் பிள்ளைகளுக்கென்று பழைய துணிகளையும் பொம்மைகளையும் ஒரு பையில் போட்டுக் கட்டினார். சோலைமுத்து வந்து வாங்கிப்போய், லீவில் ஊருக்குக் கிளம்பிய ரூம் நண்பர் பன்னீர்செல்வத்திடம் கொடுத்தனுப்பினார். பையைச் சோலைமுத்து பிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலிப் பெட்டியைப் பார்த்தேன். ராதாவிடம் கேட்காமலே, வெளியாள் சோலைமுத்து ஒருவர்தான் வந்தார் என்று புகார் கொடுத்தேன். அன்று மாலை போலீஸார் அவரை அழைத்துச் சென்றார்கள். லிஃப்ட் அருகே அவர் என்னிடம், "சத்வா கடைத்தெருவுல அஞ்சு திர்ஹத்துக்குப் புதுப் பந்தே கெடைக்கும் சார். கிறுக்குன பழசத் திருடியா நான் கேஸ் வாங்கப் போறேன்?" என்றார். கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

இன்று காலை ராதா என் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்து, "இந்தக் கரடியத்தாங்க துணியோட சேத்து அள்ளிப் பையில போட்டேன், மடியில பந்து இருந்தத கவனிக்கல" என்றார். அதன் பிறகு, முன்பு பிள்ளைகளின் துணி அளவு கேட்ட எண்ணுக்கே அழைத்தோம். பந்து வீட்டில் சாமி படத்தருகே இருந்தது.

"எழுத்து எழுதியிருக்குல்லக்கா, கால்ல படப்புடாதுன்னு புள்ளைகள விளையாட விடல. ஒரே அழுகை" என்றார் பஞ்சவர்ணம். மை அழியவில்லை. அதன் பிறகு, "அவுக எங்கக்கா? ரெண்டு நாளா போன் எடுக்கலையே" என்று கேட்டார். ராதா என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பஞ்சவர்ணம் திட்டவில்லை. "சாப்டாகளா?" என்று மட்டும் கேட்டார்.

உடனே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து அதிகாரியிடம் படங்களைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "கலாஸ்", முடிந்தது, என்றார். சோலைமுத்து சாப்பிட்டார் என்று அதிகாரியிடம் கேட்டறிந்து பஞ்சவர்ணத்துக்குச் செய்தி அனுப்பினேன். மூன்று நாளில் இப்போதுதான் எனக்குப் பசிக்கிறது.

சோலைமுத்து மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. தவறு என்னுடையது. இதைச் செய்கு அலாவுதீன் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது.

பந்து, நவம்பர் 10 அன்று பன்னீர்செல்வம் திரும்பும்போது வரும். சோலைமுத்துவை விடுவிக்கும் உத்தரவு நாளை பகல் ஒரு மணிக்குள் வரும் என்று அதிகாரி கூறினார். அதுவரை நிலைய வாசலில் இருக்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) ரகுநாதன்