லட்சுமிக்குத் தலப்பிரசவம்

அட, மொறைக்காத ஜனகா. மொதல்ல அந்த பேம்பர்ஸ் பைய கீழ வை. நான் எங்க பொய் சொன்னேம்மா? என் மகளுக்கு வலி வந்துருச்சு, கேமராவத் தூக்கிக்கிட்டு ஓடி வான்னு தான வாட்ஸப்ல சொன்னேன்? அந்தா கொட்டாயில நிக்கிறா பாரு, லட்சுமி. பங்சார்லருந்து இங்க மேரு வரைக்கும் ரோட்டு ஜாம்லயே வந்தியா? பாவம் லா. அந்த ஆப்பிளக் குடு, அவளே தின்னுடுவா.

மாட்டப் போயி யாராச்சும் மகள்னு சொல்வாங்களான்னா கேக்குற? நான் சொல்வேன்.

ஏய், பின்னால நிக்காத! தலச்சன் கன்னு, பயத்துல ஒதச்சான்னா உன் கேமரா அடுத்த ஊரு காப்பார்ல போயி விழும். இப்பிடி ஓரமா வா.

ஆமா, பட்டுச் சேலதான். போன தடவ இயற்கையா இருங்க ஆன்டின்னு சொன்ன. இயற்கையா இருந்தா நான் நைட்டி தானம்மா? தலையில துண்டு, கையில புல்லு வெட்டுற பாராங். அதப் போயி உன் பேஜ்ல போட்டு தாய்மைன்னு எழுதிட்ட. கிள்ளான் பாசார்ல மீன்காரரு என்னக் கண்டாலே சிரிக்கிறாரு. இன்னைக்கு ஒழுங்கா எடு. எனக்கு ஒரே ஒரு படம் போதும், ஆனா நான் சொல்ற மாதிரி வேணும்.

இவ இங்க பொறந்தவ. காப்பார்ல என் தங்கச்சி கெஞ்சுனாளேன்னு கன்னுல குடுத்துட்டேன். செனையா இருக்கான்னு தெரிஞ்சதும் லோரி வெச்சுப் போயி கூட்டிட்டு வந்துட்டேன். பின்ன? தலப்பிரசவம்னா அம்மா வீட்டுல தான நடக்கணும்? லோரிக்கார ராஜன் வழியெல்லாம் சிரிப்பு. வளையல் போடலயாக்கான்னான். போட்டேனே, கொம்புல பாரு!

ஷ்ஷ். காலு தெரியுது. பேசாத. எடு, எடு… வா தாயி, இன்னுங் கொஞ்சம்… அம்மாடி, வந்துருச்சு! பொட்டக் கன்னு! பாரேன், ஒடனே நக்குறா. யாரு சொல்லிக் குடுத்தா இவளுக்கு? என்ன, நீ ஏன் அழுவுற? கேமரா நனஞ்சிரும்.

இரு, இப்ப நான் போயி பக்கத்துல ஒக்காருறேன். அந்தா வீட்டு ஜன்னலு தொறந்திருக்குல்ல, அந்த ரூமும் படத்துல விழணும். புதுசா பெயிண்ட் அடிச்சு தொட்டில் கட்டியிருக்கேன். லட்சுமிக்கா? மாடு தொட்டில்ல படுக்குமா, லூசு?

படத்த இப்பவே போடு. கீழ எழுது: லட்சுமி தலப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துட்டா. அவ்ளோதான். புரிய வேண்டியவளுக்குப் புரியும்.

யாரா? உன் பேஜ்ல எந்தப் படம் போட்டாலும் மொத ஆளா ஹார்ட் போடுவாளே, காஜாங்ல விஷ்ணுப்ரியான்னு ஒருத்தி. என் நைட்டி படத்துக்குக்கூட போட்டா. இந்தச் சேல அவ மொத சம்பளத்துல எடுத்துக் குடுத்தது. என் மகதான். கல்யாணத்துல சம்பந்தி வீட்டோட சண்ட, அதுலருந்து நான் அடிச்சா போன் எடுக்க மாட்டா. முழுகாம இருக்கான்னே ஊர்க்காரங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அவளப் பாக்கணும்மா.

போட்டுட்டியா? காட்டு. ஹார்ட் வந்துச்சா? வரும், வரும். சீம்பால் காச்சித் தரேன், சாப்ட்டுட்டுப் போ.

ஏய், அந்த பேம்பர்ஸ எங்க தூக்குற? அது இங்கயே இருக்கட்டும்.