மாப்பிள்ளைக்கு ஒரு தெப்பம்

விளையாட்டில் ஆர்வமில்லாத ஒருவனுக்கு பேச்சிலர் பார்ட்டி ஏற்பாடு செய்வது லேசான காரியம் இல்லை, சார். யாரைக் கேட்டாலும் கிரிக்கெட் மேட்ச் வைக்கலாம் என்பார்கள். ஈசிஆரில் கோ-கார்ட் ஓட்டலாம், ஏலகிரிக்குப் போய் மலை ஏறலாம் என்பார்கள். சத்தியநாதன் இதில் எதையும் செய்யக்கூடியவன் இல்லை. நான்கு பேர் வற்புறுத்தினால் செய்ய முயல்வான், தோற்பான், சிரித்துச் சமாளிப்பான். பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வான். அந்தக் கடைசிப் பகுதி எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் கேட்டது தெப்பத்தின் டிரம் மூடியில் வாஷர் ஏன் இல்லை என்று. அதைச் சொல்கிறேன். ஆனால் பார்ட்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் அது சரியாகப் புரியும்.

நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் ஒரே தெரு. ஒரே பள்ளி, ஒரே திருச்சபை. பி.டி. பீரியடில் இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பார்கள் அல்லவா, கடைசியில் யாருக்கும் வேண்டாமல் ஒருவன் நிற்பான். சத்தியநாதனை நான் அப்படி நிற்க விட்டதே இல்லை. நான் கேப்டனாக இருந்தால் முதல் ஆளாக அவனைத்தான் கூப்பிடுவேன். கூப்பிட்டு, ஸ்கோர் பார்க்க உட்கார வைத்துவிடுவேன். வெயில் படாத இடமாகப் பார்த்து உட்கார வைப்பேன். அவனும் சந்தோஷமாக உட்கார்ந்துகொள்வான்.

கல்லூரிக்கு என் பைக்கில்தான் வருவான். ஓஎம்ஆரில் சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூவுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவன் உள்ளே போய் வரும்வரை எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றேன். வேலை கிடைத்தது. எனக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். சம்பளம், பதவி எதையும் நான் அவனோடு ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. வேலை கிடைத்த பிறகும் காலையில் கேம்ப் ரோடு வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். அவனுக்கு வண்டி ஓட்ட வராது. அவனுக்கு நான் தேவைப்பட்டேன். எனக்கு அது போதும்.

பெண் பார்த்தார்கள். யூனிஸ், சேலையூரில் டீச்சர். நல்ல பெண்தான். கல்யாணத்துக்குப் பிறகு மேடவாக்கத்தில் ஃப்ளாட் எடுப்பதாகப் பேசினார்கள். ஆபீஸுக்கு அது பக்கம், நியாயம்தானே. நானே இரண்டு ஃப்ளாட் போய்ப் பார்த்து, தண்ணீர் லாரி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று விசாரித்துச் சொன்னேன்.

நவம்பர் மாதம் ஒரு சாயங்காலம் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவன் சத்தியநாதன். பின்னால் யூனிஸ். தோள்களைக் காதுவரை தூக்கிக்கொண்டு, கண்ணாடிக்குள்ளிருந்து ரோட்டையே முறைத்துக்கொண்டு வந்தான். என்னைத் தாண்டிப் போனான், பார்க்கவில்லை. பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை என்று பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

மறுநாள் கேட்டேன்.

"ஆமாண்டா ஜோனா, உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல. யூனிஸ்தான் பின்னாலயே ஓடி வந்து கத்துக்குடுத்தா. ரெண்டு தடவ விழுந்தேன், தெரியுமா?" என்று பேன்ட்டை மடித்து முழங்காலைக் காட்டினான். சிராய்ப்பு காய்ந்து பொருக்கு தட்டியிருந்தது. பரிசு வாங்கியவன்போல அதைக் காட்டினான். "இனிமே காலைல நீ என்னைக் கூப்பிட வர வேணாம்டா. பாவம், உனக்கும் எவ்ளோ அலைச்சல்."

இத்தனை வருடத்தில் என் வண்டியிலிருந்து அவன் ஒருமுறைகூட விழுந்ததில்லை, சார்.

கல்யாண அறிவிப்பின் மூன்றாவது ஓலையும் சபையில் வாசித்து முடித்தார்கள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. பார்ட்டி வைக்க வேண்டும் என்று ஆரம்பித்தவன் இளமாறன்தான், நானில்லை. இளமாறன் எங்களோடு படித்தவன். பம்மலில் பழைய கல்குவாரிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன், நன்றாக நீந்துவான், எதற்கெடுத்தாலும் மேட்ச் என்பான்.

"மச்சான், கிரவுண்டு புக் பண்ணிடறேன். மாப்ளை டீமு, மச்சான் டீமு. இன்னா சொல்ற?"

"சத்தியநாதனுக்காக வைக்கிற பார்ட்டி. அவன் ஆடாத ஆட்டத்தை வச்சு என்ன பண்றது?" என்றேன்.

"அப்போ நீயே சொல்லு. அவனுக்கு இன்னாதான் புடிக்கும்?"

அதுதான் சரியான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். உட்கார்ந்திருப்பது அவனுக்குப் பிடிக்கும். கூட்டம் பிடிக்காது. பழைய கிண்டல்களைக் கேட்டுச் சிரிப்பது பிடிக்கும். ஆகவே, நாங்கள் மூன்று பேர் மட்டும். கைவிடப்பட்டு, ஆழமாகத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் அந்தக் கல்குவாரி, சனிக்கிழமை மதியம், பிரியாணி. ஒரு தெப்பம் செய்து, மாப்பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீரில் ஒரு சுற்று ஊர்வலம். ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், எதையும் பிடிக்க வேண்டாம். கேட்டதும் இளமாறனே என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அவனுக்குன்னே யோசிச்சிருக்கடா" என்றான். உண்மையும் அதுதான்.

பட்டறையிலேயே தெப்பத்தைச் செய்தேன். நான்கு காலி ஆயில் டிரம், இரும்பு ஆங்கிள் ஃப்ரேம், மேலே பலகை. வெல்டர் லோகு ஃப்ரேமைப் பற்றவைத்துக் கொடுத்தான். "கல்யாணத்துக்கு தெப்பமாண்ணா? சூப்பரா கீதுண்ணா" என்றான். மூடிகளை நான்தான் போட்டேன். மூன்று டிரம்மில் வாஷர் வைத்து இறுக்கினேன். நான்காவதில் வாஷரை எடுத்துவிட்டு, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி விட்டேன்.

அவனைக் கொல்வதற்காக இல்லை. இதை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

பத்தாம் வகுப்பு லீவில் ஒருமுறை ஏரியில் விழுந்தவனை நான் இழுத்துக் கரை சேர்த்தேன். அவன் அம்மா தபீதாள் ஆன்ட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். தேவன் என் மகனைக் காப்பாற்ற ஜோனத்தானை அனுப்பினார் என்று அழுதுகொண்டே சொன்னார். சபையே திரும்பி என்னைப் பார்த்தது. அந்த லீவு முடியும்வரை சத்தியநாதன் என்னைவிட்டு நகரவில்லை. கடைக்குப் போனாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் வருவான். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன்.

அன்றைக்கு அவன் தானாக வழுக்கி விழவில்லை. அவன் முதுகில் லேசாக என் கை பட்டது. நீந்தத் தெரிந்தவன் பக்கத்திலேயே இருக்கும்போது அதை ஆபத்து என்று சொல்ல முடியாது.

இதுவும் அப்படித்தான். குட்டையின் நடுவில் டிரம்முக்குள் தண்ணீர் ஏறும், அந்த மூலை இறங்கும், அவன் விழுவான், நான் தூக்குவேன். மேடவாக்கம் போகட்டும், ஸ்கூட்டர் ஓட்டட்டும், யார் தயவில் உயிரோடு இருக்கிறோம் என்பது நினைவில் இருக்கும். ஒரு பயம், அவ்வளவுதான். முந்தின ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகாமல், தெப்பத்தைக் குட்டி யானை வேனில் ஏற்றிக் கொண்டுபோய், அவன் எடைக்கு மணல் மூட்டை வைத்துத் தனியாக ஓட்டிப் பார்த்தேன். மூட்டை சரிந்து விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துகொண்டேன். அக்கறை இல்லாதவன் அப்படிச் சோதித்துப் பார்ப்பானா?

இளமாறன் மட்டும்தான் சிக்கல். அவன் கரையில் இருந்தால் முதலில் குதிப்பான். எனக்கு சாட்சி வேண்டும், உதவி வேண்டாம். அதனால் ஐஸ் வாங்க மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை சத்தியநாதன் ஸ்கூட்டரிலேயே வந்தான். அந்தக் கரடுமுரடான பாதையில் தனியாக ஓட்டிக்கொண்டு வந்து, ஸ்டாண்ட் போட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான். இளமாறன் விசில் அடித்தான். நாற்காலிக்குச் செவ்வந்தி மாலை சுற்றி வைத்திருந்தோம். சாப்பிட்டோம். பிறகு இளமாறனை ஐஸுக்கு அனுப்பினேன்.

"அவன் வந்ததும் போலாமேடா" என்றான் சத்தியநாதன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

"அவன் வரும்போது நீ நடுவுல ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கணும். அப்பதான் போட்டோ நல்லா வரும்."

"டியூப் ஏதாவது கட்டிக்க வேணாமா?"

"நான் இருக்கேன்ல?"

கையைக் கொடுத்தான், ஏற்றிவிட்டேன். நாற்காலியை நான்காவது டிரம்முக்கு மேலே போட்டிருந்தேன்.

மதிய வெயிலில் அந்தக் குட்டை பச்சையாக, அசையாமல் கிடந்தது. சுற்றிலும் வெட்டிய பாறை. பேசினால் எதிரொலிக்கும். ஒரு நீளப் பலகையைத் துடுப்பாக வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அவன் பேசிக்கொண்டே வந்தான். கல்யாணத்தில் பக்கத்தில் நிற்கும் பெஸ்ட் மேன் நான்தான் என்று சர்ச் ஐயரிடம் சொல்லிவிட்டானாம். யூனிஸின் அண்ணன்தான் நிற்க வேண்டும் என்று அவர்கள் வீட்டில் சொன்னதற்கு, முடியாது என்று இவன் அடம்பிடித்தானாம். அது எனக்கு அதுவரை தெரியாது. அப்போதே கரைக்குத் திருப்பியிருக்கலாம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததே தவிர, இன்னும் நேரம் இருந்தது.

நான் திருப்பவில்லை. இவ்வளவு சொல்பவன், நாளைக்கு என்னை நினைத்து இன்னும் எவ்வளவு சொல்வான் என்று தோன்றியது.

"ஜோனா, இந்தப் பக்கம் சாயுதோ?" என்றான்.

"இல்லடா, உனக்கு அப்படித் தோணுது."

அவன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தான். மாலையில் இருந்த பூக்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழ ஆரம்பித்தன. பிறகு அந்த மூலை மொத்தமாக இறங்கியது. நாற்காலியோடு சரிந்தான். நானும் குதித்தேன்.

மூன்று டிரம் நன்றாக இருந்ததால் தெப்பம் மூழ்கவில்லை. அவன் கை எட்டும் தூரத்தில் மிதந்தது. அதைக் காலால் உதைத்து அப்பால் தள்ளினேன். தெப்பத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்துவிட்டால் அதில் நான் எங்கே வருகிறேன்?

துடுப்புப் பலகையைக் கவனிக்காமல் விட்டேன். அது அவன் கையில் சிக்கிவிட்டது. நெஞ்சில் வைத்துப் பற்றிக்கொண்டு இருமினான். கண்ணாடி போய்விட்டது. கண்ணாடி இல்லாமல் அவனுக்கு எதுவும் தெரியாது. நான் அவனுக்குப் பின்னால் சத்தம் செய்யாமல் மிதந்துகொண்டிருந்தேன். என்னைக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும், அள்ளிக்கொண்டு போயிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து மேலே பாறை விளிம்பில் இளமாறன் வந்து நின்றான். ஐஸ் பக்கத்திலேயே கிடைத்துவிட்டதாம்.

"இன்னாடா ஆச்சு?" என்று கத்தினான்.

சத்தியநாதன் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "மாறா, ஜோனாவைக் காணோம்டா. உள்ள போய்ட்டான். அவனைப் புடிடா" என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. நான் மூழ்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். என் கால் தண்ணீரில் அசைந்த சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரும்பி, ஒரு கையால் பலகையை என் பக்கம் நீட்டினான். "ஜோனா, இதப் புடி. புடிச்சுக்கோடா."

பலகையின் முனை என் முகத்துக்கு நேரே இருந்தது. பிடித்திருந்தால் இரண்டு பேரையும் தாங்கியிருக்கும். நான் பிடிக்கவில்லை. அவன் என்னைக் காப்பாற்றுவதா என்று இருந்தது. இன்னும் கொஞ்சம் எட்டி நீட்டினான். பலகை கையிலிருந்து வழுக்கி என் தோளை உரசிக்கொண்டு போனது. அவன் தலை ஒருமுறை மேலே வந்தது. பிறகு வரவில்லை.

இளமாறன் குதித்து நேராக என்னிடம்தான் வந்தான். அவனிடம் சொல்லப்பட்ட பெயர் என்னுடையது. அவன் என் முடியைப் பிடித்தபோது, என்னை விடு, அவனைப் பார் என்று சொல்லியிருக்கலாம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மயங்கியவன்போல உடம்பைத் தளர்த்திக்கொண்டேன். என்னை இழுத்துப் பாறைமேல் போட்டுவிட்டு அவன் திரும்பிப் போனான். மூன்றாவது முறை மூழ்கியபோதுதான் சத்தியநாதன் கையில் கிடைத்தான்.

மூடியைத் தளர்த்தியது நான். தெப்பத்தை உதைத்தது நான். பலகையைப் பிடிக்காதது நான். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன் உதவி என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது, சார். இளமாறனிடம் பேசத் தெரிந்தது, என்னிடம் கேட்கத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்த அன்று யூனிஸ் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கடைசியா அவர் ஏதாவது சொன்னாராண்ணா?" என்று கேட்டாள். என் பெயரைத்தான் சொன்னான் என்றேன். அதிலாவது ஒரு பொய் இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.