கையில் கொடுத்த பிரஷ்

அடையாறு செல்லும் பேருந்தில், முன்னிருக்கைப் பெண் தன் அக்காவிடம் சொன்னாள்:

"பல்லு வலிக்குத்தாங்க்கா அவள மெண்டல் வார்டுல பத்து நாளு வச்சிகினு இருந்தாங்க."

ஆட்டிசம் உள்ள, பேச்சு வராத தன் இருபத்தாறு வயது மகளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டாக்டருக்குப் படிச்சவங்கதானே? வாயத் தொறந்து பாக்கத் தெரியாதாமா?"

"செவுத்துல தலைய முட்டிக்கினு இருந்தா. வெறின்னு ஊசி போட்டுப் படுக்க வச்சிட்டாங்க. கடைசில ஒரு நர்சம்மாதான் சொத்தப்பல்லப் பாத்துச்சி."

"உனக்குமா தெரியல?"

"அதுக்கு முன்னால நாலு நாளா பல்லு வெளக்குற பிரஷ்ஷ எடுத்தாந்து என் கையில குடுத்துக்கினே இருந்தாக்கா. ரோதனை தாங்காம பரணு மேல தூக்கிப் போட்டுட்டேன்."

அக்கா அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"உடுடி. அதான் ஊட்டுக்கு வந்துட்டாளே."

"வந்துட்டா. ஆனா இப்ப எங்கிட்ட எதையுமே எடுத்தாந்து குடுக்கிறதில்லக்கா."